மச்சான் பிடித்த கயிறு

காற்றுக் குழாயில் மல்லிகை மணத்தது.

கடலில் எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில், பல்லில் கடித்த குழாய் வழியே எப்போதும் வருவது டீசல் வாடையும் மச்சான் குடிக்கிற பீடி வாடையும்தான். பனித்திட்டில் பெண்கள் படகில் கால் வைப்பதில்லை, ஊர்க் கட்டுப்பாடு. பிறகு இந்தப் பூ ஏது? பாறை இடுக்கில் சிங்கி இறால் துழாவிய கையை சுபாஷ் வெளியே எடுத்தான்.

மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் புகழ்வேந்தன், சுபாஷின் மனைவி இளவரசிக்கு அண்ணன். முங்குகிறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும். தங்கை தாலியை எந்த அண்ணன் அறுப்பான்? காலையில்கூட, "கயிறு எங் கையில கீது, நீ போ மச்சான்," என்றானே.

பாறையோரம் ஒரு பெரிய களவா மீன் வாயைப் பிளந்து நின்றது, வைத்தியர் மீனுக்காக. விரல் நீள நீல உடம்பு, தலை முதல் வால் வரை கருங்கோடு. ஆடிக்கொண்டே வாய்க்குள் புகுந்து செவுள் பூச்சியைத் தின்னும். எந்தக் களவாவும் அதை விழுங்காது. அதைப் பார்த்தாலே சுபாஷுக்கு மனசு இளகும்.

இதோ வந்துவிட்டது. அதே நீலம், அதே கோடு, அதே ஆட்டம். செவுள் சதையைக் கவ்விப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன் வாய், வைத்தியர் மீனுக்குப்போல் முன்னால் இல்லை, முகத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. பொய் வைத்தியன். பாவி, நம்பவைத்துக் கழுத்தறுக்கிறதே என்று நினைத்தான்.

மல்லிகை நெடி கூடியது. நேற்று கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் இளவரசிக்கு அவனே நாலு முழம் வாங்கினான். அதே பூவா?

மேலே, காற்றடிக்கும் மோட்டார் நின்றது.

கயிற்றை இரண்டு முறை இழுத்தான். தூக்கு என்று அர்த்தம். கயிறு அசையவில்லை. மறுபடி இழுத்தான். குழாயில் காற்று இல்லை. இடுப்பில் ஈயக் கட்டி. முடிச்சு மச்சான் போட்டது. அவிழவில்லை.

கயிறு தளர்ந்தது. வளைந்து வளைந்து இறங்கியது. நுனியில் கத்தி வெட்டு.

வெட்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் கயிறு. அவன் கட்டிய தாலி. அறுக்கவில்லை. நிதானமாகக் கழற்றி, மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள்.

அண்ணன் மட்டும் என்றால் தாங்கியிருப்பான். இவளுமா?

வாய் திறந்தது. குழாய் நழுவியது.

திறந்த வாய்க்கு எதிரே ஒரு நீல மீன் ஆடியாடி வந்தது. அதன் வாய் முகத்துக்கு அடியில் இருந்தது.