நீலம் போன நகங்கள்

சாயம் தோய்க்கும் அந்தப் பெண் துப்பறிவாளரின் அறைக்குள் வந்ததும் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். தோல் உரிந்து, விரலிடுக்கெல்லாம் கொப்புளம். அதைப் பார்த்த அவருடைய மைத்துனன் தேநீர்க் குவளையைத் தள்ளி வைத்தான்.

"தொத்து நோயாம். இன்னிக்குச் சாயங்காலத்தோட பட்டறை வேலையை விட்டு நிறுத்திடுவாங்களாம். வீட்ல சம்பாதிக்கிறவ நான் ஒருத்திதான்."

"எல்லாரும்தான் சாயத்துல கை விடுறாங்க. உங்களுக்கு மட்டும் ஏன்?" என்றார் துப்பறிவாளர். அவர் பேச்சில் இனிப்பு கிடையாது.

"அதான் தெரியல. சண்டை போட்டு கையுறை வாங்கினவ நான். மத்தவங்க வெறுங்கை."

பட்டறையில் அவர்களை வாவென்று ஒருவரும் கூப்பிடவில்லை. நாய்க்குக்கூட ஒரு வாய்த் தண்ணீர் காட்டுவார்கள். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேஸ்திரி இடுப்புச் சாவிக்கொத்தை ஆட்டினான்.

"கையுறை போட்டவளுக்குப் புண்ணு, போடாதவனுக்கு ஒண்ணுமில்ல. நோய் அவ உடம்புல. இதுக்கு ஒரு துப்பறியற ஆளு வேற."

தொட்டிகளைச் சுற்றி நின்றவர்களுக்கு நகம் முதல் முழங்கை வரை நீலம்.

"சாயம்தான் இவங்களுக்கு ஒத்துக்கல மாமா," என்று மைத்துனன் காதைக் கடித்தான்.

"அவசரக்குடுக்கை. நகத்தைப் பாரு."

அவள் முன்கையிலும் நீலம் இருந்தது. மணிக்கட்டில் கோடு போட்டதுபோல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே நகங்கள்கூட வெளுத்திருந்தன.

"முன்னாடி உங்க நகம்?"

"இவங்களுது மாதிரி நீலம்தான். வளர்ந்து வெட்டினாத்தான் போகும்."

துப்பறிவாளர் முதலாளியிடம் திரும்பினார். "நோய் தோலை உரிக்கும், நகத்துச் சாயத்தை எடுக்காது. அதை எடுக்கிறது பிளீச்சிங் பவுடர். கையுறைக்குள்ள யாரோ தூவியிருக்காங்க. அதான் கையுறை முடியிற இடத்துல புண்ணும் முடியுது. பவுடர் அறைச் சாவி யார்கிட்ட?"

எல்லார் கண்ணும் மேஸ்திரியின் இடுப்புக்குப் போனது.

துப்பறிவாளர் ஆணியில் தொங்கிய அவளுடைய கையுறையை எடுத்து அவனிடம் நீட்டினார். "நீங்க போட்டுக் காட்டுங்க."

மேஸ்திரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "இவளுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. கையுறை கேட்டவளுக்கு இந்தக் கதின்னு பாத்தா அடங்குவாங்கன்னு..."

"சாயத்துலயே ஊறினவன். பவுடர் நீலத்தைத் தின்னும்னு மறந்துட்டியே," என்றார் துப்பறிவாளர்.

முதலாளி அவனைக் கண்டபடி திட்டி விரட்டினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே, "சரி, நாளைக்கு வேலைக்கு வந்துடு. போதுமா?" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் அவருக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.

"எந்தக் கையால செய்யட்டும்?"