இடது இருக்கையில் அமர்ந்தவர்

ஒரேலியா கிட்டன்ஸ் கதவைத் தட்டவில்லை. நேராகச் சமையலறைக்குள் வந்து, எஸ்லின் அலெய்ன் மீன் பொரித்துக்கொண்டிருந்த அடுப்பின் ஓரமாக ஒரு சின்னப் பித்தானை வைத்தாள். கறுப்புத் துணி போர்த்திய பித்தான்.

“சனிக்கிழமை எனக்குக் கல்யாணம் கிடையாது ஆன்ட்டி. கேக்குக்காரம்மாகிட்ட நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

எஸ்லின் அடுப்பைத் தணித்தார். பார்படோஸ் காவல்துறையில் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். இப்போது செயின்ட் பிலிப் பந்தயத் தடத்துக்கு வரும் கார்களின் பெல்ட்டுகளைச் சோதித்து உள்ளே அனுப்புகிறார். எதற்கும் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்குக் கணவர் கிளைட் இருந்தார்.

“ரோமெல் என்ன பண்ணான்? அடிச்சானா?” என்று கேட்டபடியே கிளைட் எழுந்துவிட்டார்.

“வேற ஒருத்திய கார்ல வச்சு சுத்துறான் அங்கிள்.”

ரோமெலின் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. வேலைக்கும் அதில்தான் போவான், ஞாயிற்றுக்கிழமை தடத்திலும் அதைத்தான் ஓட்டுவான். போன வாரம் பழைய இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உடம்பை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பந்தய இருக்கைகளைப் பொருத்தியிருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஆறு வார்கள். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, தொடைகளுக்கு நடுவிலிருந்து மேலே வரும் கால் வார்கள் இரண்டு. ஆறும் வயிற்றின்மேல் ஒரே பூட்டில் சேரும். இடது இருக்கை ஒரேலியாவுக்கு. வார்களை அவள் அளவுக்கு அவனே இழுத்து வைத்திருந்தான்.

“இன்னிக்குப் போய் உக்காந்தா, கால் வார் ரெண்டையும் மெத்தைக்கு அடியில சொருகி வச்சிருக்கு. நீளமா கவுன் போட்டவ ஒருத்தி உக்காந்திருக்கா. மெத்தையெல்லாம் அவ செண்டு வாசனை. சீட்டுக்குக் கீழ இருக்கற கம்பியில இந்தப் பித்தான் மாட்டியிருந்துது.”

“ரோமெல்கிட்ட கேட்டியா?”

“‘சத்தியமா எந்தப் பொண்ணும் அதுல உக்காரல’ன்னான். அப்புறம் வாயே தெறக்கல.”

“இதே வார்த்தையா சொன்னான்?”

“இதே வார்த்தைதான்.”

கிளைட் கையைத் தட்டினார். “டெல்சீன். சீட்டு மாட்டுற கடையில கணக்குப் பாக்குறாளே, இவனோட பழைய சிநேகிதி, அவதான். எப்பவும் கணுக்கால் வரைக்கும் கறுப்பு கவுன். கேஸ் முடிஞ்சுது சார்ஜன்ட்.”

“மீனே இன்னும் வேகல கிளைட்” என்றார் எஸ்லின்.

மூவரும் கடைக்குப் போனார்கள். ஏதோ சின்ன வேலைக்காகக் கார் அங்கே நின்றது. எஸ்லின் இடது இருக்கையின் தோள் வார்களை இழுத்துப் பார்த்தார்.

“இத நீ தளர்த்தினியா?”

“நான் தொடல ஆன்ட்டி. தொளதொளன்னு கெடந்துது, எறங்கிட்டேன்.”

எஸ்லின் குனிந்து மெத்தையை முகர்ந்தார். இனிப்பான வாசனைக்கு அடியில் லேசாகப் புகையும் இருந்தது. அதற்குள் கிளைட் போட்ட சத்தத்தில் டெல்சீன் வெளியே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“என்னையா சொல்றீங்க? அந்தச் சீட்ல நான் உக்காந்தா பக்கத்துல இன்னொருத்தருக்கு எடம் இருக்கும். நல்லாப் பாத்துக்கங்க என் ஒடம்ப.”

ஓலைபோல இருந்தாள் அவள். எஸ்லின் சிரித்துவிட்டார். “கேக்குக்காரம்மாகிட்ட இப்பப் போகாத” என்று ஒரேலியாவிடம் சொன்னார். “நாளைக்குக் கல்யாண ஒத்திகைக்கு வா. ரோமெல் காரோட வரட்டும்.”

வெள்ளிக்கிழமை மாலை தேவாலய முற்றத்தில் மணமகளும் மணமகனும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். எஸ்லின் காரின் இடது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

“ரோமெல் பொய் சொல்லல. ‘யாரும் உக்காரல’ன்னு அவன் சொல்லவே இல்ல, ‘எந்தப் பொண்ணும் உக்காரல’ன்னுதான் சொன்னான். தோள் வார் ரெண்டையும் கடைசி வரைக்கும் தளர்த்தியிருக்கு. அப்ப உக்காந்தவர் பெரிய உடம்புக்காரர். கால் வார் போட முடியாதபடி நீளமா அங்கி. அது செண்டு வாசனையும் இல்ல. சாம்பிராணி.”

கிளைட்டின் வாய் பிளந்தது. எல்லோரும் மெதுவாகத் திரும்பி, ஒத்திகை நடத்தக் காத்து நின்ற ஃபாதர் இன்னிஸைப் பார்த்தார்கள். கழுத்திலிருந்து பாதம்வரை பித்தான் வரிசை ஓடும் கறுப்பு அங்கியில், முழங்காலுக்குக் கீழே ஓரிடத்தில் பித்தானுக்குப் பதில் ஊக்கு மாட்டியிருந்தது.

பாதிரியார் தாமே நடந்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இருக்கைக்குள் இறங்கினார். வார்கள் அளவெடுத்ததுபோலப் பொருந்தின.

“போன ஞாயித்துக்கிழமைதான் வேகத்தைக் கண்டிச்சு ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணேன்” என்றார் கீழே பார்த்துக்கொண்டு. “மறுநாளே இவன்கிட்டப் போய் ஒரு சவாரி கேட்டது தெரிஞ்சா ஊர் சிரிக்காதா? நாப்பது வருஷமா கல்யாணக் காருங்க இந்த வாசல்லேர்ந்து கெளம்பும். நான் கையாட்டிட்டு உள்ள போயிடுவேன். ஒரு தடவ நானும் அப்படிக் கார்ல போய்ப் பாக்கணும்னு தோணிச்சு. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். இது இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது, மகளே.”

“எப்படி இருந்துது ஃபாதர்?” என்று கிளைட் ஆவலாகக் கேட்டார்.

“சொர்க்கத்தப் பத்தி நான் சொல்லிக்கிட்டிருந்ததெல்லாம் கொறைச்சல்.”

“கால் வார் இல்லாம பிரேக் போட்டிருந்தா அங்கயே போய்ச் சேர்ந்திருப்பீங்க” என்றார் எஸ்லின், சிரிக்காமல். “சறுக்கி இடுப்பு வாருக்கு அடியில போயிருப்பீங்க. இனிமே கால்சட்டை போட்டுக்கிட்டு வாங்க.”

ஒரேலியா ரோமெலின் எதிரே போய் நின்றாள். “நான் அவ்வளவு அழுதும் சொல்லல நீ.”

“வாக்குக் குடுத்துட்டேனே.”

“நான் போயே போயிருப்பேன்.”

“தெரியும். நேத்துலேர்ந்து சாப்பாடு எறங்கல.”

அவள் கையை நீட்டினாள். “சாவி.”

அந்தக் காரை இதுவரை வேறு யாரும் ஓட்டியதில்லை. ரோமெல் சாவியைக் கொடுத்துவிட்டு, பாதிரியாரைப் பிடித்து வெளியே தூக்கி, அந்த இடத்தில் தான் உட்கார்ந்தான். அவனுக்கு ஆறு வார்களையும் ஒரேலியாதான் பூட்டினாள். அவன் முனகும்வரை இழுத்து இறுக்கினாள். அவள் வலப்பக்கம் ஏறியதும் எஸ்லின் அவளுடைய வார்களைச் சரிசெய்து, தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

கார் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டியது. ரோமெல் கடவுளைக் கூப்பிடுவதும் அவள் சிரிப்பதும் கரும்புத் தோட்டங்களுக்கு அப்பால் தேய்ந்து மறையும்வரை ஃபாதர் இன்னிஸ் ஒத்திகையைத் தொடங்கவில்லை.