பிழையேற்பு

"இல்லை" என்றது தீர்ப்போடை.

வக்கீல் ரகீப் கேள்வியின் சொற்களை மாற்றிப் போட்டு மறுபடி கேட்டார். கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன் காயவைத்துப் பிழைப்பவர்களை, அதே கரையில் வேறு இடம் தராமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று எந்த நீதிமன்றமாவது சொல்லியிருக்கிறதா? நீதிமன்ற நூலகத்தின் சுவர்த்திரையில் பச்சை எழுத்து ஒன்றுகூட எழவில்லை.

"மேடம், அப்படி ஒரு தீர்ப்பு இருந்துச்சு. காலேஜ்ல மாதிரி வழக்குக்கு அதை வச்சுத்தான் வாதாடினேன்."

"பச்சையில இல்லேன்னா இல்லைதான் சார்" என்றாள் நூலகர் நிறைமதி. ஆனால் அந்தத் தீர்ப்பை அவள் படித்திருந்தாள். எங்கே படித்தாள் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது.

ரகீப்புக்குப் பின்னால் சகாயமேரி நின்றிருந்தாள். கரையில் கருவாட்டுக் கொட்டகை போட்டிருக்கும் பெண்களின் சார்பில் வழக்குப் போட்டவள். உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்டப்போகும் நிறுவனம் கொட்டகைகளைப் பிரிக்க நாள் குறித்துவிட்டது. சகாயமேரி வெறுந்திரையை உற்றுப் பார்த்துவிட்டு, நிறைமதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லாத் தேடிப் பாரு தாயி. நீ படிச்ச புள்ள."

புதுத்துறை நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, நாட்டிலிருந்த எல்லா நீதிமன்றங்களுக்கும் சட்டத்தைத் தேடிக் கொடுத்தது தீர்ப்போடைதான். மலையாய்க் குவிந்துகிடந்த பழைய தீர்ப்புகளில் எது இன்னும் செல்லும், எது பின்னால் வந்தவற்றால் அடிபட்டுப் போனது என்று அது நிறம் பிரித்துக் காட்டும். பச்சை உயிருள்ளது, சாம்பல் காலாவதியானது. சாம்பலை வக்கீல் எடுத்துச் சொல்லக் கூடாது, நீதிபதி காதில் வாங்கக் கூடாது. இந்த ஏற்பாடு வந்த பிறகு வழக்குகள் சட்டுச்சட்டென்று முடிந்தன. நிறத்தைப் பிரிப்பது எந்திரம் மட்டுமல்ல, மனிதர்களும் சேர்ந்துதான் என்று அரசு சொல்லியிருந்தது. அந்த மனிதர்கள் யார் என்று யாரும் கேட்டுக்கொண்டதில்லை. எங்கோ ஒரு வல்லுநர் குழு இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நிறைமதியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

அவர்கள் போனதும் காப்பகப் பகுதியைத் திறந்து அந்தத் தீர்ப்பை எடுத்தாள். சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"இதைக் காலாவதின்னு முடிவு பண்ணது யாரு?"

"சட்ட நூலகர்கள். திறன் வளர்ப்பு வாரத்தில்" என்றது தீர்ப்போடை.

திறன் வளர்ப்பு வாரம் ஆண்டுதோறும் வரும். திரையில் தீர்ப்புகள் வரும். உயிருள்ளதா, காலாவதியா என்று நூலகர்கள் அழுத்த வேண்டும். பெரும்பான்மையோடு ஒத்துப்போனால் புள்ளி. புள்ளி சேர்ந்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும். வெறும் பயிற்சி என்று சொல்லித்தான் நடத்தினார்கள். சேரும்போது நீளமான ஓர் ஒப்பந்தத்துக்குக் கீழே 'ஏற்கிறேன்' என்று அழுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பதில்கள்தான் தீர்ப்புகளின் நிறமாகும் என்று அதில் எங்கோ இருந்திருக்கும்.

பயிற்சிதானே என்று படிக்காமல் அழுத்தியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். அந்தத் தீர்ப்பை அவள் முழுக்கப் படித்திருந்தாள். எழுதிய நீதிபதி கரைக்கே போய் வெயிலில் நின்று பார்த்துவிட்டு எழுதியது வரிக்கு வரி தெரிந்தது. இது உயிருள்ளதுதான் என்று பச்சைக்கு விரலைக் கொண்டுபோனாள். அதற்குள் மற்ற நூலகர்களின் பதில்கள் திரையோரம் சாம்பலாக ஏறிக்கொண்டிருந்தன. சந்தேகம் வந்தால் காலாவதி என்று போட்டுவிடுவது எல்லோருக்கும் பழக்கம். அவள் விரல் இடம் மாறியது. புள்ளி கிடைத்தது. எழுந்து போய்க் காபி குடித்தாள்.

அன்று மாலை போனில் தோழி தர்ஷினியைக் கூப்பிட்டாள். மலையடிவார ஊர் ஒன்றின் நீதிமன்றத்தில் நூலகர். திறன் வளர்ப்பு வாரத்தில் பழக்கமானவள்.

"அக்கா, எல்லாரும் அழுத்தினதுதானே? நீங்க பச்சை போட்டிருந்தாலும் ஒரு ஓட்டு, அவ்வளவுதான்."

"எல்லாரும் படிச்சிருக்க மாட்டாங்க தர்ஷினி. நான் படிச்சேன்."

பதிலைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது. அதன் பெயர் பிழையேற்பு. தன் பதில் தவறு என்று காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. தவறை எழுதிக் கொடுத்தால் உரிமம் என்னவாகும் என்று யாருக்கும் தெரியாது. நிறைமதி ஒன்றையும் மறைக்காமல் எழுதினாள். 'உயிருள்ள தீர்ப்பு என்று தெரிந்தே, புள்ளிக்காகக் காலாவதி என்று அழுத்தினேன்' என்று எழுதும்போது கண் மறைத்தது. அனுப்பிவிட்டு, மேசையில் இருந்த தன் பொருள்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் தீர்ப்பு பச்சையாக இருந்தது. ரகீப் அதை எடுத்துக்கொண்டு ஓடினார். கொட்டகைகளைப் பிரிக்க இடைக்காலத் தடை கிடைத்தது. சகாயமேரி நெத்திலிக் கருவாட்டை வாழையிலையில் பொட்டலம் கட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தாள். வாசனை அலமாரிகளுக்கிடையே பரவியது.

"அம்மா, இதுல என் தப்பும் இருக்கு" என்று நிறைமதி நடந்ததைச் சொன்னாள்.

சகாயமேரி பொட்டலத்தின் முடிச்சை இறுக்கினாள். பிறகு, "தப்புப் பண்ணாத ஆளு யாரு? சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்ல" என்று பொட்டலத்தை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

உரிமம் போகவில்லை. நடந்தது வேறு. தன் நலனுக்கு எதிராகத் தன் தவறை ஒப்புக்கொள்பவரின் சொல் மற்றவர்கள் சொல்லைவிட நம்பத்தக்கது என்று தீர்ப்போடை தானாகவே கற்றுக்கொண்டது. நிறைமதியின் ஒரு சொல்லுக்கு நூற்றுக்கணக்கானவர்களின் எடை கிடைத்தது. அதனால்தான் சாம்பல் பச்சையாயிற்று. புள்ளிகளும் மளமளவென்று ஏறி, முதுநிலை நூலகர் என்ற சான்று வீடு தேடி வந்தது. அவள் அதை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை.

செய்தி பரவியது. நூலகர் சங்கம் 'பிழையேற்கும் திறன்' என்று ஒரு வகுப்பே தொடங்கியது. எப்படி எழுதினால் உருக்கமாக இருக்கும், எந்த இடத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லிக் கொடுத்தார்கள். மாதிரிக்கு வைத்திருந்தது நிறைமதி எழுதியதை.

இறுதி விசாரணைக்கு முன்தினம் ரகீப் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மேடம், கம்பெனி வக்கீல் ஒரு தீர்ப்பு கொடுத்திருக்கார். கரை முழுக்க அரசு நிலம், எத்தனை தலைமுறை இருந்தாலும் உரிமை கிடையாதுன்னு. அதை மேல் நீதிமன்றம் அப்பவே ரத்து பண்ணிருச்சே! எப்படிப் பச்சையில வருது?"

நிறைமதி தீர்ப்போடையிடம் கேட்டாள். ஒரே ஒரு பிழையேற்பு. அதன் எடையில் பச்சையாகியிருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் போனை எடுத்தாள்.

"ஆமாக்கா, நான்தான்" என்றாள் தர்ஷினி. "நானும் முதுநிலை ஆயிட்டேன். உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"நீ அதைக் காலாவதின்னு போட்டது சரிதானே தர்ஷினி? அதுல என்ன தப்பு?"

"தப்பே இல்லக்கா. ஒப்புக்கொள்ள என்கிட்ட ஒண்ணும் இல்ல, நான் என்ன பண்ண? யாரும் தேடாத பழசா ஒண்ணைத் தேடி எடுத்தேன். யாருக்கும் கெடுதல் வரக்கூடாதேன்னுதான்."

"வந்துடுச்சு. நாளைக்கு அதை வச்சுக் கொட்டகைகளைப் பிரிக்கப் போறாங்க. திரும்ப எடுத்துடு."

"பொய்யா எழுதினேன்னு எப்படிக்கா எழுதுவேன்? உரிமம் போயிடும். எனக்கு வேற என்ன வேலை தெரியும்? உங்க சொல்லுக்குத்தான் எடை இருக்கே, நீங்களே மாத்துங்களேன்." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

நிறைமதி பிழையேற்பைத் திறந்தாள். அந்தப் பழைய தீர்ப்பு அவளுக்கும் ஒரு திறன் வளர்ப்பு வாரத்தில் வந்திருந்தது. படித்து, சரியாகவே காலாவதி என்று போட்டிருந்தாள். 'நீங்கள் இப்போது கேட்பதும் காலாவதி, முன்பு தந்ததும் காலாவதி. உங்கள் பதிலில் பிழை இல்லை. ஏற்பதற்கு ஒன்றும் இல்லை' என்று காட்டிவிட்டுத் திரை மூடிக்கொண்டது. தர்ஷினி எழுதியது பொய் என்று மனுவாக எழுதினாள். பிறர் மீது பிழை சொல்வோரின் நம்பகம் குறைவு என்று பதில் வந்தது.

மறுநாள் நீதிபதி இரண்டு பச்சைத் தீர்ப்புகளையும் வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். ஒன்று கொட்டகைக்கு, ஒன்று நிறுவனத்துக்கு. அப்படி வந்தால் எடை கூடியதைப் பின்பற்ற வேண்டும் என்பது விதி. தர்ஷினியின் உருக்கம் நிறைமதியின் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதல் எடை பெற்றிருந்தது. ரகீப் எழுந்து, அது ரத்தான தீர்ப்பு என்றார். அது பச்சையானதும் அதை ரத்து செய்த தீர்ப்பு சாம்பலாகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டாம் என்று நீதிபதி மெல்லிய குரலில் தடுத்தார். தடை நீங்கியது.

தாழ்வாரத்தில் சகாயமேரி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் மேலயும் தப்பில்லன்னு ஜட்ஜ் ஐயா சொல்றாரு. அப்ப எங்க கொட்டகை எப்படிப் போச்சு தாயி?"

நிறைமதி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என்னாலதான்மா. முதல்ல நான் புள்ளிக்காகப் பொய்யா அழுத்தினேன். அப்புறம் நான் உண்மையைச் சொன்னதைப் பார்த்துத்தான் எல்லாரும் பொய்யா எழுத ஆரம்பிச்சாங்க. இது என் தப்பு."

சகாயமேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்த நாளில் பார்த்த பார்வை இல்லை அது. ரகீப் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"விடுங்க மேடம்" என்றார் அலுப்போடு. "இப்ப எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க."

சகாயமேரி தரையில் கையூன்றி எழுந்தாள். கொட்டகையில் மீன் காய்ந்துகொண்டிருந்தது, வண்டி வருவதற்குள் அள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, நிறைமதியைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.