சாத்தங்கரை ஸ்டேஷன் பெஞ்சு

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சாத்தங்கரை ஹால்ட் ஸ்டேஷனின் பயணிகள் அறையைத் திறந்த கோட்டைச்சாமி, உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டார். பெஞ்சைக் காணோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னல் கம்பிகளில் ஒரு கீறல் இல்லை. ஊரே பெருமை பேசிக்கொண்டிருந்த பர்மா தேக்குப் பெஞ்சு, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

பத்தரை மணிக்கு ரயில்வே போலீஸ் எஸ்.ஐ. யோகலட்சுமி காரைக்குடியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள். செயின் பறிப்பு வழக்கு ஒன்று பாதியில் கிடக்க, போயும் போயும் பெஞ்சு தேட அனுப்பிவிட்டார்களே என்று வழியெல்லாம் எரிச்சல். இன்ஸ்பெக்டர் போனில் வழக்கையே முடித்துவிட்டார்: "சாவி யார்கிட்ட இருந்துச்சோ அவன்தான். சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கொண்டாந்துரு."

சாவி கோட்டைச்சாமியிடம்தான் இருந்தது. கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜென்ட் அவர். திருட்டு வழக்கு விழுந்தால் ஏஜென்சி போய்விடும். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லையென்றால், நாலு வண்டி நிற்கிற இந்த ஹால்ட்டையும் மூடிவிடுவார்கள்.

"பெஞ்சைக் கடைசியா எப்பப் பார்த்தீக?"

"போன வாரம்மா. மக பிரசவத்துக்கு மானாமதுரை போயிட்டேன். சாவியை சத்தியமூர்த்தி சார்கிட்டக் குடுத்துட்டுப் போனேன். டிக்கெட்டும் அவுகதான் பார்த்துக்கிட்டாக."

"திரும்பி வந்தது?"

"நேத்து சாயங்காலம். தரை புதுசாப் போட்டிருக்கு, இன்னும் ஒரு ராத்திரி காயட்டும், காலையில திறங்கன்னு சொல்லிச் சாவியக் குடுத்தாக."

"உள்ள பெஞ்சு இருக்கான்னு பார்க்காமயா சாவிய வாங்குனீக?"

"அவுக சொல்லும்போது நான் எதுக்கும்மா பார்க்கணும்?"

இவ்வளவுதான் அவர் வாதம். கேட்ட கேள்விக்குத் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஆளை எப்படிக் காப்பாற்றுவது என்று யோகலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்தவர் சத்தியமூர்த்தி. ஓய்வுபெற்ற வாத்தியார், பயணிகள் சங்கத் தலைவர், புகார் கொடுத்தவரும் அவரே. வாசலிலேயே மறித்தார்.

"மேடம், ஷூவக் கழட்டிட்டு வாங்க. சங்கத்துச் செலவுல போட்ட தரை."

பல்லைக் கடித்துக்கொண்டு ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சிவப்புத் தரை முகம் பார்க்கலாம் போல வழவழவென்று கிடந்தது.

"நேத்து நீங்க சாவி குடுக்கும்போது பெஞ்சு உள்ள இருந்துச்சா?"

"அதுக்கு முன்னாடி அது எப்பேர்ப்பட்ட பெஞ்சுன்னு தெரியணும் மேடம். இந்த ஸ்டேஷன் திறந்த வருஷம், ரங்கூன்ல கடை வச்சிருந்த ஒருத்தர் கப்பல்ல கொண்டாந்து குடுத்தது. கொண்டுவிக்கன்னு பர்மாவுக்கு யாவாரத்துக்குப் போறவுக, வரவேற்க வந்தவுக எல்லாம் அதுலதான் உக்காருவாக."

"சார், நான் நேத்தைக் கேக்குறேன். நீங்க ரங்கூனைச் சொல்றீக."

அவர் காதில் வாங்கினால்தானே. "ஊர்ல ஒரு கல்யாணம்னா பெஞ்சைத் தூக்கிட்டுப் போயிருவாக. திரும்பி வர மாசமாகும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டருக்கு வெறுத்துப் போயி, பெஞ்சுக் காலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் புதைச்சு, சுண்ணாம்பு ஊத்தி இறுக்கிட்டாரு. அன்னைக்கிருந்து யாரும் அசைச்சதில்ல. இப்பத் தரை போட்டப்பக்கூடக் கொத்தனாரு அதைத் தொடல. காலைச் சுத்தித்தான் பூசுனாரு. நான் பக்கத்துலயே நின்னேன்."

"எந்த இடம்?"

"இந்தா, கிழக்குச் சுவரை ஒட்டி. நேத்துச் சாயங்காலம்கூட வாசல்ல நின்னு பார்த்துட்டுத்தான் பூட்டுனேன். அதுக்கப்புறம் சாவி எங்கிட்ட இல்ல."

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். "இன்னும் அங்க என்ன பண்ற?"

வெளியே கான்ஸ்டபிள் மருதுபாண்டி, "ஆளை ஏத்திரவா மேடம்?" என்றான். கோட்டைச்சாமி துணிப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார்.

யோகலட்சுமிக்கு எல்லார்மேலும் ஆத்திரம் வந்தது. வாயைத் திறக்காதவர்மேல், வாயை மூடாதவர்மேல், போனில் வழக்கு நடத்துகிறவர்மேல். கிழக்குச் சுவரோரம் நின்று குதிகாலால் தரையைத் தேய்த்தாள். தேய்த்த கால் நின்றது. கொஞ்சம் தள்ளி வைத்து மறுபடி தேய்த்தாள். பிறகு யூனிஃபார்ம் அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் மண்டியிட்டு, சுவரோரம் முழுக்க உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள்.

"சார், அந்தப் பெஞ்சுக் கால் விஷயத்த இன்னொரு தடவ சொல்லுங்க."

சத்தியமூர்த்தியின் முகம் மலர்ந்துவிட்டது. வரலாற்றைத் திரும்பச் சொல்லச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டதில்லை. தோண்டியது, புதைத்தது, சுண்ணாம்பு ஊற்றியது எல்லாவற்றையும் விடாமல் சொன்னார்.

"சரி. அப்ப நேத்து ராத்திரி கோட்டைச்சாமி அதைப் பிடுங்கியிருந்தா, கால் இருந்த இடமெல்லாம் குழியாவுல இருக்கணும்?"

"மூடிப் பூசியிருப்பாரு மேடம்."

"சிவப்புத் தரையில ஒட்டுப் போட்டா ஊருக்கே தெரியும். ஒரு ராத்திரியில காயவும் செய்யாது. நீங்கதான் என்னை வெறுங்கால்ல நிக்க வச்சீக. காலுக்கு ஒரு கோடுகூடத் தட்டுப்படல. இந்தத் தரை போடும்போது இங்க பெஞ்சே இல்ல சார். பழைய தரைய உடைச்சப்பவே அது போயிருச்சு. அப்பச் சாவி உங்ககிட்ட. காலைச் சுத்திப் பூசுனதப் பக்கத்துல நின்னு பார்த்தேன்னு சொன்னவரும் நீங்கதான்."

சத்தியமூர்த்தி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல இருக்கு. ஒரு கீறல் படாம வச்சிருக்கேன்."

"எதுக்கு சார்?"

"எக்ஸ்பிரஸ் இங்க நிக்கணும்னு இருபது வருஷமா மனுப் போடுறேன். ஒருத்தரும் ஏன்னு கேக்கல. பெஞ்சக் காணோம்னு ஒரே ஒரு போன்தான் போட்டேன். மதியத்துக்குள்ள ஜீப் வந்து நிக்குது. பேப்பர்ல வந்தா, இப்படி ஒரு ஸ்டேஷன் இருக்குன்னாவது தெரியும்னு நினைச்சேன்."

யோகலட்சுமிக்கு அவர்மேல் பரிதாபம் வந்தது. வந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. "அதுக்கு இவரு பேர எதுக்குச் சொன்னீக? இவரு போனா ஸ்டேஷனையே மூடிருவாகன்னு தெரியாதா?"

"சாவி யார்கிட்டன்னு கேட்டாக. சொன்னேன். இம்புட்டு தூரம் போகும்னு..."

கோட்டைச்சாமி வாசலுக்கு வந்திருந்தார். குரல் உயரவில்லை.

"நேத்து ரயில விட்டு இறங்குனதும், பேத்தி பொறந்திருக்கான்னு உங்ககிட்டத்தான் சார் முதல்ல சொன்னேன். என் கையப் பிடிச்சுக்கிட்டு எம்புட்டு சந்தோஷப்பட்டீக. அப்பறம் அதே கையிலதான் சாவியக் குடுத்தீக."

ஜன்னலில் யாரோ மதிய வண்டிக்கு டிக்கெட் கேட்டுத் தட்டினார்கள். கோட்டைச்சாமி பையைக் கீழே வைத்துவிட்டு, சத்தியமூர்த்தி பக்கம் திரும்பிப் பார்க்காமல் அங்கே போனார்.