கீழ்க் கண்

கொடகவெலயில் எனக்கு ஸ்டுடியோ. தொண்ணூற்றாறில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தேன். நான் முஸ்லிம் என்பதால் தோட்டத்து ஆட்கள் அண்ணன் என்பதற்கு 'நானா' என்று கூப்பிடுவார்கள். என் கேமராவுக்கு இரண்டு கண். மேல் லென்ஸ் நான் பார்க்க, கீழ் லென்ஸ் பிலிம் பார்க்க. அதைப் பழசு என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

ஒரு தோட்டத்தில் தொழிலாளி ஐயாவு தன் இளைய மகள் விஜயகலாவை லயத்து வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருந்தது. சண்டைக் காலம், அடையாளக் கார்ட் இல்லாமல் ஆமி செக்பாயின்ட் தாண்ட முடியாது. மூத்தவள் ஷாமிளா கார்ட் இல்லாமல் பஸ் ஏறியவள்தான். திரும்பி வரவேயில்லை.

ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவிப் பார்த்தேன். விஜயகலாவின் முகம் மங்கல்.

என்னையே திட்டிக்கொண்டேன். அடைமழையில் வேலை ஓடாமல், சுற்றிய பிலிமைக் கேமராவிலேயே கிடக்க விட்டிருந்தேன். உருளையில் மடங்கிக் கிடந்த பிலிம் தட்டையாக நிற்காது, லென்ஸ் பக்கம் பிதுங்கும். முன்னால் இருப்பது மங்கும், பின்னால் இருப்பது தெளியும்.

பின்னால் கதவு தெளிவாக இருந்தது.

கதவடியில் ஒரு பெண்ணும் தெளிவாக இருந்தாள்.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஐயாவு அந்தப் பெண்மேல் விரல் வைத்தார்.

"நம்ம மூத்தவ, நானா."

புது ரோல் போட்டு, சுற்றிய கையோடு பொத்தானை அழுத்தினேன். மேல் கண்ணாடியில் விஜயகலா மட்டும்தான் இருந்தாள்.

"அப்பா, யாரோ நெருக்குறாங்க" என்றாள் மெதுவாக.

இந்த முறை பிலிம் தட்டையாகத்தான் நின்றது. இரண்டு முகமும் தெளிவு. ஷாமிளா ஸ்டூலில் பாதியைப் பிடித்திருந்தாள்.

இரண்டு முகம் உள்ள படத்தைக் கார்டுக்கு யார் எடுப்பார்கள்?

"அவளுக்கும் தனியா ஒண்ணு புடிங்க, நானா" என்றார் ஐயாவு. "அதுக்குத்தான் வந்து நிக்கிறா. அப்பறம் சின்னவள விட்டுருவா."

வெறும் ஸ்டூலை ஒரு படம் எடுத்தேன். பிறகு விஜயகலாவை உட்கார வைத்து ஒன்று.

வெறும் ஸ்டூலை எடுத்த படத்தில் ஷாமிளா தனியாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

விஜயகலாவை எடுத்த படத்தில் யாரும் இல்லை.

கேமராவைப் பிரித்துத் துடைத்தேன். வேறு கேமரா இரவல் வாங்கினேன், அதிலும் அவள் விழவில்லை. கார்ட் இல்லாமல் கொழும்பு வேலை கைவிட்டுப் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் தலைவாரிப் பொட்டு வைத்து வந்து உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷம் ஆகியும், போன கிழமையும் வந்தாள்.

"நானா, நான் தெரியுறேனா?"

குனிந்து மேல் கண்ணாடியைப் பார்த்தேன். பாவம், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுற, புள்ள" என்றேன்.

கழுவிப் பார்த்தபோது ஸ்டூல் மட்டும் இருந்தது.