இருபத்தொண்ணு ஆகாதவன்

பிணம் விக்கியது!

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பிராந்திக் கடைக்குப் பின்னால் குப்புறக் கிடந்த கண்ணையனைப் புரட்டிய சப்-இன்ஸ்பெக்டர் இருதயராஜ், ஓரடி பின்னால் துள்ளினார்.

"உயிரு இருக்குய்யா! ஜீப்பை எடு!"

கண்ணையனின் அப்பா தாண்டவராயன் மாரில் அடித்துக்கொண்டார்.

"பத்தொம்போது வயசுப் புள்ளைக்கு ஊத்திக் குடுத்துட்டானே இந்தக் கடைக்காரன்! புடிச்சி உள்ள போடுங்க சார்!"

இருதயராஜுக்கு விசாரணை எப்போதும் அறைக்குப் பிறகுதான்.

பளார்!

கடைக்காரர் வெங்கடாசலம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார்.

"ஒரு சொட்டு குடுக்கல சார்! இருவத்தொண்ணு ஆவாதவனுக்குக் குடுத்தா லைசென்ஸ் பூடும். நேத்து சாயந்திரம் வந்து நின்னான். கையில எஸ்.எஸ்.எல்.சி. புக்கு வச்சிக்கினு இருந்தான். பாத்தேன், பத்தொம்போதுதான். போடான்னுட்டேன். அப்பால நேரா பின்னாடி இருக்கற தச்சுப் பட்டறையில பூந்து, பாலீஷ் போடற ஸ்பிரிட்டைக் குடிச்சிருக்கான்!"

பெரியாஸ்பத்திரி. வெங்கடாசலத்தையும் ஜீப்பில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார் இருதயராஜ்.

டாக்டர் காந்திமதி கண்ணையனின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"விஷம். முதல்ல கண்ணு போகும், அப்புறம் ஆளே போயிடுவான். இதை முறிக்க... பிராந்தி வேணும்!"

"எ... என்னம்மா சொல்றீங்க?" இருதயராஜ் வாயைப் பிளந்தார்.

"கெட்ட சரக்கை நல்ல சரக்குதான் அடக்கும். ஜல்தி!"

விடிந்தும் விடியாத நேரம். ஊரில் ஒரு கடை திறக்கவில்லை. இருதயராஜ் அசடு வழிந்தபடி வெங்கடாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"முதலாளி... சாவி இருக்குதில்ல?"

"இருக்குது. குடுக்க மாட்டேன்! இருவத்தொண்ணு ஆவலையே! அந்தக் கன்னத்தையும் வீங்க வைப்பீங்களே சார்!"

இருதயராஜ் கையை ஓங்கினார். அதற்குள் தாண்டவராயன் தொபுக்கடீரென்று கடைக்காரரின் காலில் விழுந்தார்.

"குடுய்யா! அவனுக்கு இருவத்திரெண்டுய்யா! ஸ்கூல்ல சேக்கறப்போ வாத்தியார்கிட்ட மூணு வயசு கொறைச்சு எழுதச் சொன்னேன். கவர்மென்ட் உத்தியோகத்துல மூணு வருசம் கூட இருப்பான்னு ஆசைப்பட்டேன்... உத்தியோகம் நாசமாப் போவட்டும், புள்ளை பொழைச்சா போதும்!"

"அடப்பாவி மனுசா!" வெங்கடாசலம் சாவியை உருவினார். "உள்ள வயசை எழுதியிருந்தா, நேத்தே ஒரு குவார்ட்டரோட வூட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பானே!"

ஓடினார்.

உச்சிவேளையில் கண்ணையன் கண்ணைத் திறந்தான். பார்வை இருந்தது! தாண்டவராயன் ஓவென்று அழுதார். இருதயராஜ் தொப்பியைக் கழற்றி, நிம்மதியாக விசிறிக்கொண்டார்.

கண்ணையன் மேஜை மேலிருந்த பாட்டிலைப் பார்த்தான். பிறகு, வீங்கிய கன்னத்தோடு நின்ற வெங்கடாசலத்தைப் பார்த்தான்.

"முதலாளி... இப்ப எனக்கு வயசு ஆயிடுச்சா?"