பக்கத்து சீட்

மதியச் சாப்பாடு முடிந்து, தங்கை வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அவள் தன் காரின் கதவைத் திறந்தபோது, பக்கத்து சீட்டில் ஒரு மூட்டை உட்கார்ந்திருந்தது. தோட்டத்துக்கு வாங்கிய உர மூட்டை. யாரோ அதைச் சும்மா தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை. முதுகைச் சாய்த்து, நேராக நிமிர்த்தி, ஒரு ஆளை உட்கார வைப்பதுபோல உட்கார வைத்திருந்தார்கள்.

"இது யார் பார்த்த வேலை?" என்றாள்.

தங்கையின் புருஷன் பின்னாலேயே வந்து நின்றான். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும் என்று சாவியை வாங்கிக்கொண்டு போனவன் அவன்தான்.

"நான்தான்க்கா. சொன்னா கேக்க மாட்டீங்கன்னு தெரியும். மலை இறங்குற வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் வழியில எங்கயாவது தள்ளி விட்டுடுங்க."

"மாப்பிள்ளை, படிச்சு ஒரு உத்தியோகத்துல இருக்கீங்க."

"அந்த நர்ஸம்மா சொன்னதைக் கேட்டதுலேருந்து மனசு ஒரு மாதிரி இருக்கு."

அவள் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்து வாசலில் போட்டாள். சீட்டில் கொட்டியிருந்த தூளைக் கையால் தட்டிவிட்டாள். தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, அப்படியே திரும்பிப் போனாள். அக்காவிடம் சொல்லிப் பயனில்லை என்பது அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் இவள். பழக வருகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பிரேக் மேடம். பழகுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். பக்கத்து சீட்டில் இவள் இருப்பாள். இவள் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். இரண்டு பக்கத்துப் பெடல்களும் கம்பியால் சேர்த்துக் கட்டியவை. அங்கே மிதித்தால் இங்கேயும் இறங்கும். பழகுகிறவன் எந்த இடத்தில் தப்புப் பண்ணுவான் என்று அவன் பண்ணுவதற்கு முன்பே இவள் காலுக்குத் தெரிந்துவிடும். மிதிப்பாள். வண்டி குலுங்கி நிற்கும். அவன் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு இன்று சாப்பாட்டு மேஜையில் ஆளாளுக்கு வண்டியோட்டப் பாடம் எடுத்தார்கள். தங்கையின் புது வீட்டைப் பார்க்க வந்தவர்கள்தான் எல்லோரும். மலையிறங்கிப் போக வேண்டும் என்று இவள் சொன்னதுதான் தாமதம், அவரவர் போய்வந்த ஊர், சுற்றிய பாதை, தப்பிப் பிழைத்த பள்ளம் எல்லாம் சோற்றோடு சோறாக வந்து விழுந்தன. மருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், இறக்கத்தில் டயர் காற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது என்றார்.

"குறைச்சா டயர் சூடாகி வெடிக்கும். நீங்க மருந்தை மட்டும் வித்துக்குங்க" என்றாள் இவள். அவர் அதற்கப்புறம் அப்பளத்தை மட்டும் நொறுக்கிக்கொண்டிருந்தார்.

மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ஒருத்தி அதுவரை வாயே திறக்கவில்லை. கை கழுவப் போகிற நேரத்தில், "பக்கத்து சீட்டைக் காலியா விட்டுட்டு இறங்காதீங்கம்மா" என்றாள். "நான் டியூட்டிக்குப் போறப்ப ஒரு தண்ணி கேனையாவது வெச்சுப்பேன். மலையில ஓட்டுற எல்லாரும் எதையாவது வெச்சுப்பாங்க. காலியா இருந்தா உக்காந்துக்கும்."

"எது?"

"எதுன்னு தெரியாது. உக்காந்துக்கும்."

இவள் சிரித்தாள். மேஜையில் வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

மலைப்பாதையின் மேல்வளைவுகளில் வெயில் இருந்தது. அதற்குக் கீழே, யாரோ ஈரத்துணியைப் பிழிந்து பள்ளத்தாக்கு முழுக்க விரித்துப் போட்டதுபோலப் பனி ஏறிக்கொண்டிருந்தது. கீழே ஊர் பஸ் நிறுத்தத்தில் மகள் காத்திருப்பாள். பள்ளிக்கூடச் சுற்றுலா முடிந்து இன்று சாயங்காலம் அவளை அங்கேதான் இறக்கிவிடுவார்கள். பதினாலு வயது. அம்மா ஒரு நிமிஷம் தாமதித்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வயது. இருட்டுவதற்குள் போய்விடலாம். இவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விளக்கைப் போட்டு, பனிக்குள் இறங்கினாள். டயருக்கடியில் ஈரத்தார் இழுபடும் ஓசை, மரங்களிலிருந்து கூரையில் சொட்டும் துளிகளின் டப் டப், பள்ளத்தின் ஆழத்தில் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்த ஓடையின் இரைச்சல், இவை தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லாததுபோல இருந்தது.

முதலில் கேட்டது ஒரு சின்ன முனகல். பக்கத்து சீட்டின் ஸ்பிரிங். ஆள் உட்காரும்போது அது எப்படி முனகும் என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? தினமும் இவள் உட்காருகிற சீட் அது. பள்ளத்தில் ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். சாலையில் பள்ளம் எதுவும் இல்லை.

அடுத்த வளைவில் இவள் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கும்போதே பிரேக் பெடல் தானாக இறங்கியது.

வண்டி குலுங்கி நின்றது. நின்ற மறுகணம், வளைவின் மறுபக்கத்திலிருந்து ஒரு லாரி சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஹாரன்கூட அடிக்காமல், இவள் மூக்குக்கு முன்னால் உரசுவதுபோலக் கடந்து போனது. அது போன பிறகும் பனி வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

கம்பி துருப்பிடித்திருக்கும். எண்ணெய் போடச் சொல்லியும் அந்த ஒர்க்‌ஷாப்காரன் ஏமாற்றியிருப்பான். அவனை நாலு வார்த்தை கேட்க வேண்டும். என்ன கேட்பது என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் கோத்துக்கொண்டே ஓட்டினாள். திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் அவளுக்குப் பயம் வராது.

அப்போதுதான் அந்தச் சத்தம். காதுக்குப் பக்கத்தில். நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுக்கும் சத்தம்.

'ச்சு.'

உதவாக்கரையைப் பார்த்து அலுத்துக்கொள்கிற சத்தம்.

இவள் திரும்பிப் பார்த்தாள். சீட் காலி. ஆனால் காலியான சீட் உப்பலாக இருக்கும். இது நடுவில் அமுங்கியிருந்தது.

ஓரமாக நிறுத்தினாள். இறங்கிச் சுற்றிப் போய், பக்கத்துக் கதவைத் திறந்து, போன் வெளிச்சத்தைக் காலடியில் அடித்துப் பார்த்தாள். கம்பி புதுசுபோல மின்னியது. துரு இல்லை. பிசிறு இல்லை. கீழே விரித்திருந்த மிதியடி மட்டும் ஈரமாக இருந்தது. நனைந்து வெகுநாள் காயாத கம்பளியின் நாற்றமும், வாயில் அடக்கி வைத்திருந்த செப்புக் காசின் வாடையும் கலந்து மேலே வந்தன. உள்ளங்கையைச் சீட்டில் வைத்தாள்.

சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ எழுந்தது போல. அல்லது எழுந்திருக்கவே இல்லாதது போல.

கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, இழுத்துக்கொண்டதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. நாலு பேர் சோற்றுக்கு நடுவே உளறியது இவளுக்குள் இறங்கி வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஓடுகிற எஞ்சின் சூடு உள்ளே ஏறாமலா இருக்கும்? ஆனாலும், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் கைப்பையை எடுத்து அந்தச் சீட்டில் வைத்தாள்.

பை நிற்கவில்லை. சரிந்து கீழே விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது, இந்த முறை சரியவில்லை, ஒரு மடியிலிருந்து தட்டிவிட்டதுபோலக் கொஞ்சம் தள்ளிப் போய் விழுந்தது. இடம் காலியாக இருந்தால்தானே எதையாவது வைக்க முடியும்?

போனில் சிக்னல் இல்லை. இருந்தாலும் யாரைக் கூப்பிடுவது? மாப்பிள்ளையையா? "என்னக்கா, மூட்டையைக் கொண்டு வரட்டுமா?" என்று அவன் கேட்பது காதில் விழுந்தது. அதைவிடப் பள்ளத்தில் விழலாம். நடந்து போகலாம் என்றால் பனிக்குள் லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. கீழே மகள் தனியாக நிற்பாள். இவள் சுற்றிவந்து ஏறி, கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினாள்.

அதற்கப்புறம் அது ஒளித்துச் செய்யவில்லை.

வளைவு வந்தால் பிரேக் இறங்கும். இவள் மிதிப்பதற்கு ஒரு கணம் முன்னால். 'ச்சு.' கியர் மாற்றக் கை போனால் கிளட்ச் இறங்கும். 'ச்சு.' இவள் சரியாகத்தான் ஓட்டினாள். இத்தனை வருஷத்தில் இதைவிடச் சரியாக ஓட்டியதில்லை. ஆனாலும் இவள் செய்வதற்கு முன்பே அது செய்துவிடும்; செய்துவிட்டு அலுத்துக்கொள்ளும். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. தன் முழங்கால் நடுங்குவதைப் பார்த்தாள். பழக வந்த எத்தனையோ பேருக்கு முழங்கால் இப்படி நடுங்கிப் பார்த்திருக்கிறாள்.

"யார் நீ?" என்றாள்.

பிரேக் மேலே வந்தது. கிளட்ச் முழுதாக, அடிவரை, இறங்கியது.

செங்குத்தான இறக்கம். எஞ்சினின் பிடி விட்டுப்போனது. வண்டி கல்லைப்போல உருளத் தொடங்கியது. இவள் பிரேக்கை மிதித்தாள். இறங்கியது. பாதி. பிறகு நின்றது. அடியில் யாரோ பாதத்தைக் கொடுத்துத் தாங்கியதுபோல. எழும்பி நின்று மிதித்தாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். டயர்கள் கத்தின. தடுப்புச் சுவர். வெள்ளைப் பட்டை. கறுப்புப் பட்டை. வெள்ளை. பள்ளம்.

அப்போது அது விட்டுவிட்டது. பெடல் சாதுவாக இறங்கியது. வண்டி சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பக்கத்தில் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. கனமாக, நிதானமாக. ஒரு பாடம் முடிந்த ஆசுவாசம் அதில் இருந்தது.

மிச்ச தூரத்தை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. பனி விலகியது. கடைகள் வந்தன, விளக்குகள் வந்தன, சைக்கிளில் மனிதர்கள் வந்தார்கள். நாற்றம் போய்விட்டது. சிக்னலில் நின்றபோது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சீட் உப்பலாக இருந்தது. கைப்பையை எடுத்து வைத்தாள். நின்றது. சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பனி, உண்ட மயக்கம், உளறல்காரர்கள். இதை உயிர் போனாலும் யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பஸ் நிறுத்தத்தில் தெருவிளக்கின் கீழே மகள் பையோடு நின்றிருந்தாள்.

"எவ்ளோ நேரம்மா? எல்லாரும் எப்பவோ போயாச்சு."

"பின்னாடி ஏறு கண்ணு."

"பின்னாடி பூரா உன் டிரைவிங் ஸ்கூல் கூம்பும் போர்டும்தான் இருக்கு. எங்க உக்கார்றது?"

மகள் ஏற்கெனவே முன்கதவைத் திறந்துவிட்டாள். உட்காராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய்வரைக்கும் வந்தது. ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? உக்காந்துக்கும் என்றா? அதைச் சொன்னால் அந்த நர்ஸம்மாவுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? நாளைக்குத் தங்கையிடம் மகள் சொல்லுவாள். தங்கை தன் புருஷனிடம் சொல்லுவாள். அந்த மேஜை முழுக்க, அந்த மருந்துக்காரர் உட்பட, தலையை ஆட்டிக்கொள்ளும்.

"பார்த்து உக்காரு" என்றாள் கடைசியில்.

மகள் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்பிரிங் முனகவில்லை. கதவைச் சாத்தினாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். சுற்றுலாவில் யார் வாந்தி எடுத்தார்கள், எந்த டீச்சர் பஸ்ஸில் தூங்கிக் குறட்டை விட்டார் என்று பேசத் தொடங்கினாள். இவள் வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் மகளின் பேச்சு அறுந்து அறுந்து வந்தது.

"அம்மா."

"ம்."

"பெல்ட் ரொம்ப இறுக்குதும்மா. மூச்சு முட்டுது. பின்னாடி கொஞ்சம் தள்ளிக்கலாம்னா சீட் நகர மாட்டேங்குது."

இவள் திரும்பினாள். தெருவிளக்கின் வெளிச்சம் கண்ணாடி வழியாக மகள்மேல் விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. பெல்ட் மகளின் மேல் படவே இல்லை. தோளிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் ஒரு சாண் விலகி, எதையோ சுற்றி வளைந்து, அறுந்துவிடும்போல விறைத்து நின்றது. அதற்கும் சீட்டுக்கும் நடுவில், காற்றைத் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், மகள் சிறுகச் சிறுகப் பின்னால் நசுங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சு படபடவென்று துடித்தது. பெல்ட் மட்டும் ஏறி இறங்கியது. கனமாக. நிதானமாக.